எழுதியது யாருங்க?

கல்லூரி நூலகர் என்றால் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவர் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். இப்போது நாங்கள் மனிதர்களுக்கும் குத்துகிறோம். மாணவர் கொண்டுவரும் ஆய்வேட்டை அவரே எழுதினாரா, ஏஐ எழுதிக் கொடுத்ததா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை எங்கள் கல்லூரி வாங்கி, அதை ஓட்டும் வேலையை என் தலையில் கட்டிவிட்டது. மெஷின் எழுதியது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு அது நிறம் காட்டும்: பச்சை வந்தால் மனிதர், சிவப்பு வந்தால் மெஷின். ஏதாவது ஒரு சதவீதத்துக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுளைக் கழிக்கும் சகோதர சகோதரிகளே, என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

காய்ச்சல்

மென்பொருள் வந்த அன்று, சோதித்துப் பார்க்கக் கையில் வேறு எதுவும் இல்லை. போன வருடம் காய்ச்சலில் கிடந்தபோது முக்கால் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய என் விடுப்புக் கடிதத்தையே உள்ளே போட்டேன். சேலத்தில் கன்னியாஸ்திரிகள் பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் அது. ஒரு கமா பிசகாது.

முழுச் சிவப்பு. பக்கத்தில் நின்றிருந்த ஆபீஸ் சூப்பிரண்டு திரையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். "ஏனுங்க ஜெசிந்தா மேடம், மெஷினுக்கெல்லாம் காய்ச்சல் வருமுங்களா?"

தப்பும் தவறுமாக

மேலாண்மைத் துறை மாணவன் ஒருவன், நாமக்கல் முட்டை விற்பனையைப் பற்றிய ப்ராஜெக்டைக் கொண்டுவந்தான். சிவப்பு வந்தது. அந்த ஒரு தடவை மென்பொருள் சொன்னது சரி. இரண்டு நாள் கழித்து அதே ப்ராஜெக்டோடு சிரித்துக்கொண்டே வந்தான். இப்போது பச்சை! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கருத்துகூட மாறவில்லை. அங்கங்கே எழுத்துகளை விழுங்கி, கமாக்களைத் தூக்கியிருந்தான், அவ்வளவுதான்.

"ரெண்டாம் பக்கத்துல முட்டை விலையைப் பத்தி எழுதியிருக்கியே, அதை யாருப்பா நிர்ணயம் பண்றாங்க?" என்று கேட்டேன். மின்விசிறியைப் பார்த்தான். பிறகு ஒளிக்காமல் சொன்னான்: "அது தெரியாதுங்க மேடம். ஆனா தப்புத் தப்பா எழுதுனாத்தான் அது நம்மள மனுசன்னு நம்புது, அது தெரியுமுங்க."

பதினோரு நோட்டு

இதுவரை சிரித்தேன். நஸ்ரீன் விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. அவள் சங்ககிரியில் லாரி ஸ்பேர் கடை வைத்திருப்பவரின் மகள். புருஷன் லாரியோடு வடக்கே போய்விட்டால், இங்கே குடும்பத்தை நடத்தும் பெண்களைப் பற்றி ஆறு வருடம் ஆய்வு செய்திருந்தாள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நான்கு நாள்தான் பாக்கி. தவறினால் பதிவு காலாவதியாகிவிடும்; ஆறு வருடமும் போச்சு. ஆங்கிலத்தில் எழுதியிருந்த அவளுடைய நான்காம் அத்தியாயம் சிவப்பாக வந்தது.

"மெஷின் எழுதினதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று துறைத் தலைவர் முத்துவேல் சார் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில், நூலகம் திறக்கும் முன்பே அவள் ஒரு அரிசிப் பையோடு வாசலில் நின்றாள். உள்ளே பதினோரு நோட்டு. ஒவ்வொரு பெண்ணும் பேசியதைப் பேசியபடியே தமிழில் எழுதி, ஓரத்தில் அடித்துத் திருத்தி, சில பக்கங்களில் டீ கொட்டிய கறையோடு இருந்தன. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையை என் கையில் திணித்துவிட்டுக் கோபமாகக் கேட்டாள்: "மேடம், பிழையில்லாம எழுதணும்னு அத்தனை பாடுபட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பா?"

பழைய சிடி

அந்தக் கேள்வி என்னை உட்காரவிடவில்லை. என் கடிதம் சிவப்பானதென்றால் வேறு யாருடையது ஆகாது? அலமாரியில் பழைய ஆய்வேடுகளின் சிடிக்கள் தூசியடைந்து கிடந்தன. எல்லாமே ஏஐ என்ற பேச்சே இல்லாத காலத்தவை. நான்கை எடுத்து ஓட்டினேன். இரண்டு சிவப்பு. அதில் ஒன்று முத்துவேல் சாருடையது.

அவரைத் தனியாக அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவர் கண் முன்னாலேயே மறுபடி ஓட்டிக் காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தை மெதுவாக வாசித்தார். டைப்ரைட்டரில் தட்டி, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றியதாம், விரல் வீங்கிவிட்டதாம். பிறகு நஸ்ரீனின் நோட்டுகளைக் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டுக்கும் எழாமல் படித்தார். மாலையில் அவரே முதல்வரிடம் போய், சதவீதத்தை மட்டும் வைத்து இனி யாரையும் நிராகரிக்கக் கூடாது, குறிப்புகளைப் பார்க்க வேண்டும், எழுதியவரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கிவந்தார். நஸ்ரீனின் ஆய்வேட்டிலும் கையெழுத்துப் போட்டார். போகும்போது என் மேசைப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங்க மேடம், அப்ப என்னோடதை எழுதுனது யாருங்க?"

கடைசி வரிசை

சில மாதம் கழித்து நடந்த வாய்மொழித் தேர்வு அன்று அரங்கம் நிறைந்துவிட்டது. நஸ்ரீனின் அத்தா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். கடைசி வரிசையில் ஏழெட்டுப் பெண்கள். நஸ்ரீன் பேட்டி கண்ட லாரிக்காரர் வீட்டுப் பெண்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டி, ஒரு வரியைத் தமிழில் சொல்லிக் கேட்டார்: "'அவர் ஊருக்கு வரும்போதுதான் வீட்டில் விருந்தாளி வந்த மாதிரி இருக்கும்' என்று ஒரு பெண் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே அப்படிச் சொன்னார்களா, நீங்களாக எழுதிக்கொண்டதா?"

நஸ்ரீன் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "நாந்தானுங்க சொன்னேன். எழுதுனது இந்தப் புள்ளதானுங்க. மூணு நாளு எங்கூட்டுல உக்காந்து, நான் சோறாக்க ஆக்க எழுதுச்சு. இன்னும் என்ன கேக்கோணும், கேளுங்க."

தேர்வாளர் ஆய்வேட்டை மூடிவிட்டுக் கைதட்டினார், அரங்கமே தட்டியது. அன்று சாயங்காலம் முதல் அவள் டாக்டர் நஸ்ரீன்.

இப்போதும் சிவப்பும் பச்சையுமாக தினமும் ரிப்போர்ட் அச்சடித்துத்தான் கொடுக்கிறேன். அதன் அடியில் 'ஆளையும் கேட்டுக்கொள்ளவும்' என்று என் கைப்பட எழுதும் அந்த ஒரு வரியைத்தான் இதுவரை எந்த மென்பொருளும் சந்தேகப்படவில்லை.