வீட்டில் ஏதாவது வளர்க்கிறீர்களா

இங்கிலாந்தில், பார்ன்ஸ்லி ஊரில், டெரெக் ஹாலம் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் கை கழுவ வேண்டும். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, சமையலறைக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டு, அதன் மேல் அவர் பீய்ச்சுகிற மருந்துத் தண்ணீரையும் தேய்த்துக்கொண்டால்தான் மாடிப் பின்னறையின் கதவு திறக்கும். அந்த அறை முழுக்கப் பாம்பு. பழைய உடுப்பு அலமாரியைப் பிரித்து அவரே செய்த தட்டுகளில், பெட்டி பெட்டியாக, அடியில் இளஞ்சூட்டுத் தகடு வைத்து வளர்த்தார்.

"இதைத் தொட்டா எங்களுக்கு ஏதும் வந்துடாதே?" என்று புதிதாக வருகிறவர்கள் தயங்குவார்கள்.

"உங்களுக்கு என்ன வரப்போகுது? உங்களால இதுகளுக்கு ஏதும் வந்துடக் கூடாதுன்னுதான் கழுவச் சொல்றேன்."

மனுஷன் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில் பாம்பு வளர்க்கிறவர்கள் எல்லாருக்குமே இந்தப் பயம் உண்டு. ஒருவர் வீட்டு உண்ணி இன்னொருவர் வீட்டுக்குக் கையிலேயே ஏறி வந்துவிடும். மூச்சு நோய் ஒரு பெட்டியில் புகுந்தால் வரிசையாக எல்லாப் பெட்டியும் காலி. டெரெக்கின் கூட்டாளி கெவ் அப்படித்தான் ஒரு குளிர்காலத்தில் வைத்திருந்த அத்தனையையும் இழந்துவிட்டு, மதுக்கடையில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து அழுதான். அன்றிலிருந்து அவர்கள் கூட்டத்தில் உள்ளே போகும்போது கை கழுவுவது சட்டம். வெளியே வரும்போது கழுவுவது அவரவர் இஷ்டம். டெரெக்குக்கு அந்த இஷ்டம் இருந்ததில்லை. பாம்பைத் தொட்ட கையோடு ரொட்டியை எடுத்துக் கடிப்பார். "இதைவிடச் சுத்தமான ஜீவன் உண்டா? நாத்தம் கிடையாது, மயிர் கொட்டாது, கண்டதை நக்காது" என்பார்.

அவருடைய செல்லம் பெரில். ஆப்பிரிக்க இனத்து மலைப்பாம்பு. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். மாமியாரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். மனைவி பாலின் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்தினாள், கடைசியில் துணிமணியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "பாம்பா நானான்னு கேட்டேன். மனுஷன் யோசிச்சார்" என்று ஊரெல்லாம் சொன்னாள். டெரெக் அதை மறுக்கவில்லை.

வாடகை வீடு அது. பிராணி எதுவும் வளர்க்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. நாயா, பூனையா, குரைத்துக் கத்திக் காட்டிக்கொடுக்க? பாம்பு வாயே திறக்காது. அதனால் யார் கேட்டாலும் 'இல்லை' என்று சொன்னால் போதும். மீட்டர் பார்க்க வருகிறவன் கேட்டால் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வீட்டைப் பார்வையிட வருகிற வீட்டுக்காரர் கேட்டால், முந்தின நாளே பெட்டிகளைக் கெவ்வின் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, இல்லை. மகள் லின்ட்ஸியையும் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாலும் சரி, தோழியின் அம்மா கேட்டாலும் சரி, "எங்க வீட்ல எதுவும் வளர்க்கலை." சோற்றுக்கு உட்காரும்போது விளையாட்டாக ஒத்திகை பார்ப்பார்கள்.

"வீட்ல ஏதாச்சும் வளர்க்கிறீங்களா, குட்டிம்மா?"

"இல்லவே இல்ல."

"யோசிக்காம சொல்லணும். யோசிச்சா மாட்டிக்குவோம்."

அந்த லின்ட்ஸிதான் பெரியவளாகி, ஹல் நகரத்தில் ஒருவனோடு வாழப் போய், அவன் விட்டுவிட்டு ஓடியபின் கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். குழந்தைக்குப் பெயர் மேசி. டெரெக் முன்னறையைத் தாயும் பிள்ளையும் படுக்க ஒழித்துக்கொடுத்தார். பாம்பறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டார், கீழிடுக்கில் துணியைத் திணித்தார். பாம்பு தப்பி வந்து தொட்டிலில் ஏறிவிடக் கூடாதே என்ற கவலை. அவருக்குத் தெரிந்த ஆபத்து அவ்வளவுதான்.

மற்றபடி மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கிடங்கில் சுமை தூக்கி முதுகு போய் ஓய்வு பெற்றவர், பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தபடியே கால்பந்து வர்ணனையை அவள் காதில் ஓதிக்கொண்டிருப்பார். அவள் அழுதால் அவர் குரல் கேட்டதும் அடங்கிவிடுவாள், தலையை அந்தப் பக்கமாகத் திருப்புவாள். "பார், பார், என் குரல் தெரியுது பாரு இவளுக்கு" என்று லின்ட்ஸியைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

பால் சூடாக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. லின்ட்ஸி சூடாக்கினால் ஒன்று கொதிக்கும், இல்லாவிட்டால் ஜில்லென்றிருக்கும். டெரெக் ஓர் உயரமான பிளாஸ்டிக் ஜக்கில் வெந்நீர் ஊற்றி, பாட்டிலை அதில் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். கச்சிதமாக இருக்கும்.

"எப்படிப்பா இவ்வளவு சரியா வருது உனக்கு?"

"எத்தனை வருஷமா எலி சூடாக்குறேன்."

லின்ட்ஸி சிரித்தாள். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அதில் அருவருக்க எதுவும் இல்லை. வியாழக்கிழமைதோறும் ஃப்ரீசரின் கீழ்த்தட்டில் இருந்து உறைந்த எலிகளை எடுத்து, வெந்நீரில் போட்டு, உயிருள்ள எலியின் சூடு வந்ததும் இடுக்கியால் நீட்டினால்தான் பெரில் கவ்வுவாள். சூடு கொஞ்சம் குறைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சோப்பு வாசனை, மருந்து வாசனை எது அடித்தாலும் பட்டினி கிடப்பாள். அதனால் வீடு முழுக்க மருந்து தெளிக்கிற மனுஷன் எலி போடுகிற அந்த ஒரு ஜக்கை மட்டும் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் அலசி, குழாயடியில் கவிழ்த்துவைப்பார். பால் பாட்டில் நின்றதும் அதே ஜக்கில்தான். உயரமும் சரியாக இருந்தது, சூடும் நின்றது. வேறு ஒரு ஜக் எடுக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மேசிக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. அடுத்த நாள் காய்ச்சல். லின்ட்ஸி பயந்துபோய் அப்பாவையும் இழுத்துக்கொண்டு தெருமுனை மருத்துவரிடம் ஓடினாள். இளம் பெண் மருத்துவர். பொறுமையாகப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார், உச்சிக்குழியைத் தடவினார், யாருக்காவது வீட்டில் வாந்தி பேதி உண்டா என்று கேட்டார். பிறகு கேட்டார்:

"வீட்ல பிராணி ஏதாவது வளர்க்கிறீங்களா? நாய், பூனை, ஆமை, பல்லி... எது இருந்தாலும் சொல்லுங்க."

லின்ட்ஸி அப்பாவைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்" என்றார் டெரெக். பட்டென்று, யோசிக்காமல்.

அப்படி ஏன் சொன்னார்? வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்றா? இல்லை, இந்தப் பெண்ணும் மற்றவர்களைப் போல மூக்கைச் சுளிப்பாள் என்றா? அவரையே கேட்டாலும் தெரியாது. வாய் பழகிப்போயிருந்தது, வந்துவிட்டது. திருத்திச் சொல்ல அடுத்த நொடி இருந்தது, அதற்கடுத்த நொடியும் இருந்தது. மேசிக்கும் பெரிலுக்கும் நடுவில் பூட்டிய கதவு இருக்கிறதே, பாம்புக்கும் பேதிக்கும் என்ன சம்பந்தம் என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டார். சாதாரண வயிற்றுத் தொற்றாக இருக்கலாம், தண்ணீர்ச் சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மோசமானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மருத்துவர் அனுப்பிவைத்தார்.

மோசமாகத்தான் ஆனது. ஒரு மாலை குழந்தையின் உடம்பு வில்லாக விறைத்தது, கண் மேலே செருகியது. ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கிருமி குடலில் இருந்து ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து மூளையைச் சுற்றிய சவ்வுக்கும் ஏறிவிட்டது. என்ன கிருமி என்று பெயர் தெரிந்ததும் பெரிய மருத்துவர் வந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை லின்ட்ஸி முந்திக்கொண்டாள்.

"பாம்பு இருக்கு. ஒரு அறை நிறைய இருக்கு."

மருத்துவர் டெரெக்கைப் பார்த்து, "முன்னாடி காட்டின இடத்துல இதைச் சொன்னீங்களா?" என்றார்.

டெரெக் தரையைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா?" என்று லின்ட்ஸி கேட்டாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"அன்னைக்கே இங்க சேர்த்து மருந்து ஆரம்பிச்சிருப்பாங்க. அதனால எல்லாம் சரியாகியிருக்குமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா."

அவர் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார். அந்த இரக்கத்தால் டெரெக்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நகரச் சுகாதார அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் வந்து பஞ்சுக் குச்சிகளால் குழாயடி, ஜக், ஃப்ரீசரின் கீழ்த்தட்டு, பெரிலின் பெட்டி என்று எல்லாவற்றையும் துடைத்து எடுத்துப்போனாள். எல்லாவற்றிலும் குழந்தையின் உடம்பில் இருந்த அதே கிருமி. "பாம்புக்கு இதால ஒண்ணும் ஆகாது. அது பாட்டுக்கு வயித்துல வெச்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்கும்" என்றாள். அவ்வளவு காலமாக எந்தப் பக்கம் நோய் போய்விடக் கூடாது என்று கழுவிக் கழுவிக் காத்தாரோ, அந்தப் பக்கம் ஒன்றுமே ஆகவில்லை.

மேசி பிழைத்தாள். காது போய்விட்டது, இரண்டும். வலிப்பு அவ்வப்போது வந்தது. கழுத்து நிற்க வேண்டிய வயதில் நிற்கவில்லை. லின்ட்ஸி ஆஸ்பத்திரியில் இருந்து நேராக ஹல்லுக்குப் போய் ஒரு சின்னக் குடியிருப்பில் அடைந்துகொண்டாள். துணிமணிகளை எடுக்கக்கூட அப்பா வீட்டுக்கு வரவில்லை, எல்லாவற்றையும் எரித்துவிடச் சொன்னாள்.

டெரெக் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ரொம்ப நாள் கழித்து ஒருமுறை எடுத்தாள்.

"நானும்தான் வாயைத் திறக்கலை. அதை நினைக்காத நேரம் இல்ல எனக்கு" என்றாள். "ஆனா எனக்கு அந்தப் பாடம் எடுத்தது யாருப்பா?"

"மேசியை ஒரு தடவை பார்க்கணும்மா" என்றார்.

"அந்தப் பாம்புல ஒண்ணுகூட அந்த வீட்ல இருக்கக் கூடாது. எல்லாம் போனப்புறம் வா. வந்து பார்த்துட்டுப் போ."

கொடுக்கலாம் என்றால் யார் வாங்குவார்கள்? கெவ் வாசலோடு நின்றான். பாம்பறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதடா டெரெக். உன் வீட்ல கிருமின்னு ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு. எங்கூட்டுக்கு நான் அதை ஏத்திட்டுப் போக முடியுமா? உனக்குத் தெரியாததா?"

"கிருமி எல்லாப் பாம்புலயும்தான்டா இருக்கு. உன்னோடதுலயும் இருக்கு."

"இருக்கும். சோதிக்காதவரைக்கும் எனக்குத் தெரியாதுல்ல" என்றான் கெவ். கை குலுக்காமலே போய்விட்டான்.

கால்நடை மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். பெரிலைக் கடைசிவரை தள்ளிப்போட்டார். அவள் கடைசியாகச் சட்டை உரித்து, பளபளவென்று அவர் கையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளையும் கொண்டுபோனார். ஊசி ஏறும்போது பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொண்டாள். வண்டிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து மனுஷன் வாய்விட்டு அழுதார். பாம்புக்காகவா பேத்திக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாத அழுகை. வீட்டுக்கு வந்து தட்டுகளை உடைத்து எரித்தார், பின்னறையைத் தரையில் மண்டியிட்டுத் தேய்த்தார்.

மறுநாளே ஹல்லுக்கு ரயில் ஏறினார். புதுச் சட்டை, புதுக் காலணி, பழைய வீட்டில் இருந்து எதுவும் ஒட்டிவரக் கூடாது என்று. லின்ட்ஸி கதவைத் திறந்து, மேசியை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"கை கழுவிட்டு வா."

கழுவினார். முழங்கை வரை, நகக்கண் வரை. லின்ட்ஸி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஈரக் கையை முன்னால் நீட்டியபடி கூடத்துக்கு வந்து, "மேசிக் கண்ணு, தாத்தா வந்திருக்கேன் பாரு" என்றார். குழந்தை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார்.

"கத்தாதப்பா. அவளுக்குக் கேக்காது."

கையை நீட்டியபடியே நின்றார். லின்ட்ஸி குழந்தையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாள். கொடுக்கத்தான் கொண்டுவந்தாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வீட்ல ஏதாவது இருக்கா?"

"இல்ல" என்றார் டெரெக்.

பட்டென்று வந்துவிட்டது. அந்த வேகம் அவர் காதிலேயே விழுந்தது. லின்ட்ஸியின் முகம் மாறியது.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னே" என்றாள்.

"லின்ட்ஸி, சத்தியமாம்மா. பெரிலும் போயிட்டா. நீயே வந்து பாரு. வீடு மொத்தமும் காலி."

"அந்த வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன். உனக்கே தெரியும். தெரிஞ்சுதான் வந்து பாருங்கிறே."

"கால்நடை டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேளு."

"வீட்டுக்காரர் வர்றதுக்கு முந்தின நாள் கெவ் மாமா வேன் வரும். எனக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சியா?"

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். மேசியின் தலை சாய்ந்தது, அதை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தாள். அப்பாவுக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றார். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். தெரியாது என்றார். பிறகு உள்ளே போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். டெரெக் கை காய்கிறவரை அங்கேயே நின்றார், பிறகு புதுக் காலணியை மாட்டிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தார்.