சாந்திக்குக் கொடுத்த பயற்றங்காய்

உருத்திரபுரத்தில் எங்களுக்கு வயல் இருந்தாலும் வீட்டுத்தோட்டம் எனக்குப் புதிது. பக்கத்து வளவுச் சாந்தியும் நானும் ஒரே பைக்கற் விதையைப் பங்கிட்டு, ஒரே நாளில் பயற்றங்காய் நட்டோம். அவளுடைய பந்தல் நிறையக் காய் தொங்கியது. என் காய்களிலோ கறுப்புப் பூச்சி மொய்த்தது. வேலியால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

பொறுக்க முடியாமல், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கொடிக்கு அடித்தேன். மறுநாள் ஒரு பூச்சியும் இல்லை. பளபளத்த காய்களில் ஒரு பிடி பிடுங்கி, "இந்தா, என்ர காயையும் ஒருக்காச் சமைச்சுப் பார்" என்று சாந்தியிடம் நீட்டினேன். வீட்டுக்கு வந்து மருந்துப் போத்தலைக் கண்டதும்தான் அந்தக் காயிலும் நஞ்சு இருக்கும் என்பது உறைத்தது. ஓடினேன். அவளுடைய குசினியில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"சாந்தி, அதைக் கொட்டு! நேற்றுத்தான் மருந்து அடிச்சனான்."

"பிறகேன் அக்கா எனக்குத் தந்தனீங்கள்?"

"உன்ர காயைவிட என்ர வடிவெண்டு காட்டத்தான்."

அவள் சட்டியைக் கவிழ்த்தாள். பிறகு தன் பந்தலில் ஒரு பிடி பிடுங்கித் தந்தாள். "இதைச் சமையுங்கோ. உங்கட காயை நீங்களும் தின்னாதேங்கோ."

இப்போது என் கொடிக்குச் சாம்பல் மட்டும்தான் தூவுகிறேன். நாங்கள் சாப்பிட்ட பிறகுதான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறேன். ஆனால் வேலியால் எட்டிப் பார்ப்பதை இன்னும் விடவில்லை. இன்றைக்கும் அவளுடைய பந்தலில்தான் காய் கூடுதல்.