லீனாவின் இரண்டாவது ஆல்பமும் ஐந்து மணிக் கூட்டமும்

சுவிஸின் லாங்கன்தாலில் இசைத்தட்டுக் கடையில் வேலை செய்த காலத்தில் எனக்கு வந்த பெரிய தலையிடி லீனாவின் இரண்டாவது ஆல்பம்தான். லீனா ஜெர்மன் பாடகி. முதல் ஆல்பம் முழுக்கத் துள்ளல் பாட்டு. எங்கள் பிறந்தநாள் விழாக்களில்கூட அது இல்லாமல் கேக் வெட்டியதில்லை. இரண்டாவதில் வெறும் பியானோவும் குரலும். பத்திரிகைகள் ஒன்று விடாமல் ‘நித்திரை வருகிறது’ என்று எழுதிவிட்டன.

அந்த ஆல்பத்துக்காக லீனா கடை கடையாக வந்து பாடிக்கொண்டிருந்தார். முந்தைய ஊரில் ஆளில்லாத கதிரைகள்தான் கேட்டனவாம். எங்கள் கடையும் காலியாக இருந்தால் சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிடுவதாக அவருடைய நிறுவனம் சொல்லிவிட்டது. எங்கள் செஃப், அதாவது முதலாளி மார்க்குஸ், பாவம், முகம் தொங்கிப்போய் நின்றார்.

"ரவி, உங்கட ஆக்களையும் கூப்பிடு. கதிரையாவது நிரம்பட்டும்," என்றார். அவர் பேசியது ஜெர்மன். என் காதில் எல்லாமே எங்கள் தமிழாகத்தான் விழும்.

நிகழ்ச்சி மாலை ஆறு மணிக்கு. எங்கள் சனத்துக்கு ஆறு என்றால் ஏழு. எத்தனை கல்யாண வீடு, சாமத்திய வீடு பார்த்த ஆள் நான்! பெரிய கெட்டிக்காரன் மாதிரி எல்லோருக்கும் ‘ஐஞ்சு மணி’ என்று வாட்ஸ்அப்பில் போட்டேன்.

சனிக்கிழமை ஐந்து அடிக்க முன்பே வாசலில் கூட்டம். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சாந்தி அன்ரி பட்டுச்சேலையோடு முன்னுக்கு நின்றார்.

"என்ன அன்ரி, நேரத்துக்கே வந்திட்டியள்?"

"சுவிஸ்காரற்ற நிகழ்ச்சியெல்லோ தம்பி. பிந்திப் போய் மானம் கெடுறதோ?"

எனக்குத் தலை சுற்றியது. மைக் இல்லை, ஸ்பீக்கருக்கு வயர் இழுக்கவில்லை. சவுண்ட்காரர் ஓல்டனில் ரயிலைத் தவறவிட்டு நின்றார். துள்ளல் பாட்டுகளுக்கான இசையெல்லாம் அவருடைய லேப்டாப்பில் இருந்தது. பின் அறையில் இருந்த லீனாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பழைய பாட்டு மூண்டு, புதுசு ஒண்டு எண்டுதான் நினைச்சனான். புதுசைப் பாட எனக்கே இப்ப பயமாக் கிடக்கு," என்றார்.

"பியானோ மட்டும்தான் ரெடி," என்றேன்.

லீனா வந்து பியானோ முன் அமர்ந்தார். மைக் இல்லாததால் எல்லோரும் கிட்ட நெருங்கினார்கள். முதல் பாட்டு, அம்மாவுக்கு போன் எடுக்காமல் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. எங்கள் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? சாந்தி அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு அந்த ஆல்பத்திலிருந்தே ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டு போனார்.

ஆறு மணிக்குச் சுவிஸ்காரர்கள் டாணென்று வந்தார்கள். உள்ளே கால் வைக்க இடமில்லை. வெளியே வரிசையைப் பார்த்து மார்க்குஸ் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சவுண்ட்காரரும் ஓடிவந்து வயர் இழுத்து முடித்தார். லீனா மைக்கைப் பிடித்து, "சரி, இனிப் பழைய பாட்டு," என்றார்.

சாந்தி அன்ரி கையைத் தூக்கினார். முதியோர் இல்லத்தில் பழகிய ஜெர்மனில், "அதை நாங்கள் வீட்டில கேப்பம் பிள்ளை. அந்த அம்மாட பாட்டை இன்னொருக்காப் பாடும். இப்ப வந்தவையும் கேக்கட்டும்," என்றார்.

லீனா மைக்கை வைத்துவிட்டுப் பியானோவுக்குத் திரும்பினார். சுற்றுப்பயணம் நிற்கவில்லை.

இப்போது கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: யார் பாட வந்தாலும் புதுப் பாட்டை முதலில் பாடச் சொல்லுங்கள். பயந்துபோய் வருகிறவர்களை இன்னும் கொஞ்சம் வற்புறுத்திச் சொல்லுங்கள்.