மேடு வைத்த பத்திரிகை

அக்காவுக்குச் சர்க்கரை நோயால் கண்பார்வை போய் ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அவள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பத்திரிகைய குலதெய்வத்துக்கிட்ட வைக்கறதுக்கு முன்னாடி நான் படிக்கணும்டா. யாரும் எனக்குப் படிச்சுக் காட்டக் கூடாது."

கைக்காகிதம் செய்வது ஏழு ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. தட்டச்சு செய்ததுபோல் ஒழுங்காக வேலை செய்பவன் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். எழுத்தை மேடாக்கிக் கொடுத்தால் விரலால் தடவிப் படித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஆவணியில் தொடங்கினேன். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் போட்டு, அதன் கனம், ஈரம், அழுத்திய நேரம் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதினேன். முதலில் ரப்பரில் எழுத்தைச் செதுக்கி, மை தொட்டு முத்திரை வைத்து, அதன்மேல் உருகும் பொடியைத் தூவிச் சூடு காட்டினேன். எழுத்து நூல் அளவு உயர்ந்தது. அக்கா இருக்கும் நன்னிலத்துக்குப் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா தடவிப் பார்த்தாள்.

"தெரியுது. இன்னும் கொஞ்சம் மேடா இருந்தா தேவலாம்."

வைக்கோல் கூழில் செய்த தாளை அழுத்தியபோது நார் விட்டு வெடித்தது. பழைய வேட்டிகளைக் கூழாக்கிச் செய்த தாள் தாங்கியது. தடித்த அட்டையில் எழுத்துகளை இடவலம் மாற்றி வெட்டி, அதன்மேல் ஈரத்தாளைப் போட்டு, பின்புறமிருந்து கரண்டிக் காம்பால் அழுத்தினால் முன்புறம் எழுத்து புடைத்து வரும். நடுவில் மணமக்கள் பெயர், மேலும் கீழும் மற்ற வரிகள், நான்கு மூலையிலும் ஒரு நெற்கதிர் என்று முதலிலேயே அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தாள் கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் அவள் இரண்டு பெயரையும் சொன்னாள். பிறகு இன்னும் மேடாகக் கேட்டாள். வேறு சொல் ஒன்றைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கார்த்திகைக் கடைசியில் முப்பத்தோராம் தாள் நான் நினைத்தபடி வந்தது. அதைக் கொண்டுபோய் அக்கா மகளிடம் கொடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போனேன். முதல் பத்திரிகை ஆயிற்றே என்று அவள் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து நான்கு மூலையிலும் தடவிவிட்டாள். ஈரத்தில் தாள் சுருங்கக் கூடாதென்று இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக் குழவியையும் வைத்திருந்தாள். சாப்பிட்டு வந்து அவளே எடுத்து அக்கா கையில் கொடுத்தாள்.

அக்காவின் விரல் மூலைக்குப் போனது. "கதிரு நல்லா முத்தியிருக்குடா. அறுப்புக்கு ஆள் விட்டுடலாம் போலருக்கு" என்று சிரித்தாள்.

நான் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் ஈரம் பட்ட நான்கு மூலைகளும் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக இருந்தன. கதிர் எங்கேயும் இல்லை. அவள் மகளும் பார்த்துவிட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"எப்பலேருந்துக்கா?" என்று கேட்டேன்.

அக்கா தாளை மடியில் வைத்தாள். "ஐப்பசிலேருந்து நுனிவிரல் சுத்தமா மரத்துப்போச்சு. அதுக்கு முன்னாடியும் அரைகுறைதான்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா தாள் செய்யறத நிறுத்திடுவ. ஞாயித்துக்கிழமை வர்றதையும் நிறுத்திடுவ."

நாட்குறிப்பு பையில் இருந்தது. ஆவணிக்கு முன்பு நான் அந்த வீட்டுக்கு எந்தெந்தத் தேதியில் போனேன் என்று அதில் பார்த்திருக்கலாம். பார்க்காமலே தெரியும்: பொங்கலுக்கு ஒரு முறை, அத்தானின் திதிக்கு ஒரு முறை.

"சரி, படி" என்றாள் அக்கா.

"யாரும் படிக்கக் கூடாதுன்னியே."

"படிடா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தேன். என் குரலோடு அவள் விரல் தாளின்மேல் நகர்ந்தது. மகள் பெயர் வந்ததும் நிறுத்தினேன், விரலும் நின்றது. அது எழுத்துக்குக் கீழே, ஒன்றும் இல்லாத வெற்றுத் தாளின்மேல் இருந்தது. நான் அதை நகர்த்தவில்லை. அடுத்த பெயரைப் படித்தேன்.