பாறையைத் தொட்டவர்

அவரை அய்யனார் அருவியில் பார்த்தேன். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலையாம். ஐம்பது வயதிருக்கும். தேய்த்தாலும் போகாத வெள்ளிநிற வெடிமருந்து நகக்கண்களில் மினுங்கியது. தண்ணீரில் இறங்குமுன் குனிந்து, பாறையில் உள்ளங்கையைப் பதித்துவிட்டுத்தான் இறங்கினார்.

“சாமி கும்பிட்டீகளாக்கா?” என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அட, இல்ல தாயி. கம்பெனியில மருந்து ரூமுக்குப் போகணும்னா, வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போகணும். ஒடம்புல உள்ள கரண்டு எறங்கிரும்னு சொல்லுவாக. தொடாமப் போனா தீப்பிடிச்சிரும். கை பழகிருச்சு.”

மழையென்று அன்று கம்பெனிக்கு லீவு. மழை நாளில் அவருக்குக் கூலி கிடையாது. ஆனால் மழை பெய்தால்தான் அருவியில் தண்ணீர். உள்ளே நின்றவரை வெளியே வரவைக்க வனக்காவலர் மூன்று தடவை விசிலடிக்க வேண்டியிருந்தது.

ஏறி வந்தவர் மறுபடியும் பாறையைத் தொட்டார். இம்முறை கண்களை மூடியிருந்தார்.

“இப்பவும் கரண்டாக்கா?”

“இல்ல தாயி, இது வேண்டுதல். நாளைக்கும் மழை பெய்யணும்.”

மறுநாள் விடிந்ததுமே வெயில் சுள்ளென்று அடித்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.