பிரேக் பிடித்த குற்றம்

பரிசோதனைக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'பைல் அண்ணன்'தான்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. இருபத்து நான்காம் வயதில் அவர் வேலை பார்த்த பஞ்சாலை, "தானாகவே நின்றுகொண்டார்" என்று ஒரே வரி எழுதி அவரை வெளியே அனுப்பியது. அவர் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டார். அதை நிரூபிக்க அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அன்று தொடங்கி, கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் அவர் விட்டதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பழைய புத்தகக் கடையில் வாங்கிய கிழிந்த கடித நூல் ஒன்றை வைத்துக்கொண்டு மனு எழுதக் கற்றுக்கொண்டார். பார்வை, பொருள், இணைப்பு என்று ஒரு புள்ளி பிசகாது. வீட்டு அலமாரியில் துணிமணிக்கு ஒரு தட்டு, கோப்புகளுக்கு மூன்று தட்டு.

"நான் போய்ச் சேர்ந்தா என்னையும் ஓட்டை போட்டு ஒரு பைல்ல கோத்து வெச்சிடுவீங்க," என்பாள் மனைவி.

"தேதி வாரியா வெப்பேன்," என்பார் அவர்.

அவருடைய வேலை, காட்டுக்கு அப்பால் இருக்கும் ஏழு சிறு மருத்துவமனைகளில் இரத்த மாதிரிகளை வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்கி, வெயில் தாழ்வதற்குள் மோட்டார் சைக்கிளில் நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. பத்தொன்பது ஆண்டுகளாக அதே வேலை. நடுவே இருபத்திரண்டு கிலோமீட்டர் காட்டுச் சாலை. அந்தச் சாலையில் ஓடும் பரிசோதனைக்கூடத்தின் பதினான்கு ஓட்டுநர்களுக்கும் பொதுவாக ஒரு பாடம் உண்டு: வாலைப் பார்த்து ஓட்டு. குறுக்கே பாயும் விலங்கின் முகத்தைப் பார்த்தால் வண்டி முகத்துக்கே போகும். வாலைப் பார்த்தால், அது விட்டுச்சென்ற இடைவெளியில் வண்டி தானாக நுழைந்துவிடும். மானோ பன்றியோ, ஓடத் தொடங்கியது முன்னோக்கித்தான் ஓடும், திரும்பி வராது. இந்தப் பாடம் பல எலும்புகளைக் காப்பாற்றியிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாலையை அகலப்படுத்தினார்கள். பதினான்காம் கல்லுக்கும் பதினேழாம் கல்லுக்கும் இடையே, எதிரெதிர் வண்டிகள் மோதாமலிருக்க, நடுவில் இடுப்பு உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். காட்டிலிருந்து பாய்ந்து வரும் விலங்கு பாதிச் சாலையில் அந்தச் சுவரைப் பார்க்கும். மிரளும். வந்த வழியே திரும்பும். வாலைப் பார்த்து வருகிறவன் எதிரில் இப்போது முகம் வந்து நிற்கும். முழுதாகப் பிரேக் பிடித்து வண்டியை நிறுத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. இதை முதலில் கண்டுகொண்டவர் பைல் அண்ணன்தான். கண்டதை அன்றே நோட்டில் எழுதினார். சாலைத் துறைக்கு மனுவும் அனுப்பினார். "பரிசீலனையில் உள்ளது" என்று வந்த பதிலையும் பத்திரப்படுத்தினார்.

அடுத்த ஆண்டு, நிர்வாகம் எல்லா வண்டிகளிலும் இருக்கைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தியது. திடீரென்று பிரேக் பிடித்தால் பெட்டி ஒரு சிவப்புப் புள்ளி போடும். ஒரே மாதத்தில் மூன்று புள்ளி விழுந்தால், "கவனக்குறைவான ஓட்டம்" என்று பதிவேட்டில் ஏற்றிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பதிவு ஒருமுறை விழுந்துவிட்டால் வேறெந்த நிறுவனமும் வண்டி தராது. பதினெட்டாம் கல்லில் நிற்கும் குரங்குக்குக்கூட எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று தெரியும், பெட்டிக்குத் தெரியாது.

அந்த மாதம் அவருக்கு மூன்று புள்ளிகள் விழுந்தன. ஆறாம் தேதி, பதினான்காம் கல், ஐந்து குட்டிகளோடு ஒரு பன்றி. பதினொன்றாம் தேதி, பதினைந்தாம் கல், கொம்பு முளைக்காத மான். பத்தொன்பதாம் தேதி, அதே கல், நரி. மூன்று முறையும் வண்டி நின்றது, விலங்கு போனது, ஒரு குப்பிகூட உடையவில்லை.

அவருடைய மைத்துனனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, அதற்கு முந்தைய மாதம் இரண்டு புள்ளி விழுந்திருந்தது. பயந்துபோனவன் இனி பிரேக்கைத் தொடுவதில்லை என்று முடிவுகட்டினான். பழைய பாடத்தையே பிடித்துக்கொண்டான். இருபத்தெட்டாம் தேதி பதினாறாம் கல்லில் ஒரு பெரிய மான் பாய்ந்தது. அவன் வாலைப் பார்த்தான். மான் சுவரைப் பார்த்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விழுந்த வேகத்தில் பெட்டியின் கம்பியும் அறுந்துபோனது; அதுவரை அந்த மாதக் கணக்கில் அவனுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

இரண்டாம் தேதி காலை அவர் மருத்துவமனையில் மைத்துனன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, மனைவி இரண்டு உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டும் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்தவை. ஒன்று அவருக்கு: நாளை காலைக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும். மற்றொன்று மைத்துனனுக்கு: சென்ற மாதத்தின் சிறந்த ஓட்டுநர், மனமார்ந்த பாராட்டு. ஒரே தேதி. ஒரே கையெழுத்து.

மைத்துனன் மாவுக்கட்டோடு சிரிக்க முயன்றான். "மாமா, எனக்குப் பாராட்டு, உங்களுக்கு ஆப்பு. வீட்ல இனிமே என்னைப் பார்த்துக் கத்துக்கோங்க."

"சிரிக்காதடா. தையல் பிரிஞ்சிடும்," என்றாள் அக்காள். பிறகு கணவரைப் பார்த்தாள். "என்னங்க, இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கடிதங்களின் மடிப்பை நீவிவிட்டார். இரண்டின் பின்புறத்திலும் பெற்றுக்கொண்ட நேரத்தைக் குறித்தார். எழுத்து கோணலாக விழுந்தது. அவர் எழுத்து கோணலானதை மனைவி அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேலாளர் அறையில் அவர் சாவியை மேசைமேல் வைத்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"பெட்டி பொய் சொல்லாதுங்க," என்றார் மேலாளர்.

"பொய் சொல்லல சார். பாதிதான் சொல்லுது. மீதி இதுல இருக்கு." நோட்டைத் திறந்து வைத்தார். அதன் பக்கத்தில் பாராட்டுக் கடிதம், எக்ஸ்ரே படம், சாலைத் துறையின் பதில்.

மேலாளர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். "மான் கீன் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த வழியில்லையே. நான் என்ன பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. இந்த மூணு இடத்துலயும் நான் பிரேக் பிடிக்காம போயிருக்கணும்னு. கையெழுத்து போட்டுத் தாங்க. பதினாலு பேருக்கும் நானே படிச்சுக் காட்டுறேன்."

"அப்படி எப்படிங்க எழுத முடியும்?"

"அப்ப என் பேர்ல எழுதினது மட்டும் எப்படி முடிஞ்சுது?"

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார். மூலையில் தட்டச்சு செய்யும் அம்மாள் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தொலைபேசி அடித்தது, காட்டுக்கு அப்பாலிருந்து ஒரு மருத்துவமனை, வண்டி ஏன் வரவில்லை என்று கேட்டது. பேசி வைப்பதற்குள் இன்னொன்று. ஒரே வாரத்தில் இரண்டு ஓட்டுநர் குறைந்தால் எத்தனை குப்பி வெயிலில் கெடும் என்பது மேலாளருக்குத் தெரியாததல்ல.

"சரி, விடுங்க," என்றார் கடைசியில். அம்மாளிடம் திரும்பி ஏதோ சொன்னார். ஐந்து நிமிடத்தில் காகிதம் வந்தது. அவர் நின்றபடியே படித்தார். நீண்டகாலப் பணியைக் கருதி, கருணை அடிப்படையில், மூன்று புள்ளிகளும் நீக்கப்படுகின்றன.

காகிதத்தைத் திருப்பி வைத்தார். "இதுல கருணைன்னு இருக்கு. எடுத்துட்டு வேற அடிச்சுக் குடுங்க."

"அண்ணே, சாவி கிடைச்சுது, புள்ளி போச்சு. ஒரு வார்த்தைக்குப் போயி..."

"தப்பு பண்ணவனுக்குத்தான் சார் கருணை. நான் பண்ணல." குரல் உயரவில்லை. காகிதத்தை மேலாளர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "ஒரு தடவை ஒத்தை வரிக்கு வேலையைப் பறிகொடுத்தவன் நான். இன்னொரு வரியைச் சுமந்துட்டு அந்த ரோட்ல போக மாட்டேன்."

அம்மாள் மேலாளரைப் பார்த்துக் கேட்டாள்: "கருணையை எடுத்தா அங்க என்ன சார் போடறது?"

அவரே சொன்னார், மனுவுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி: "விலங்கு குறுக்கிட்டபோது வண்டியை நிறுத்தியது ஓட்டுநரின் கடமை என்பதால்."

"கடமைன்னு போட்டா நாளைக்கு எல்லாரும் பிரேக் பிடிப்பாங்களே."

"பிடிக்கட்டும்னுதான் சார்."

மூன்றாவது முறை தொலைபேசி அடித்தது. மேலாளர் அதை எடுக்காமல், அம்மாளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

கையெழுத்து விழுந்தது. முத்திரையும் வேண்டும் என்றார், விழுந்தது. பிரதி ஒன்று கேட்டார். அதையும் கொடுத்தார்கள், அவர் போனால் போதும் என்று.

வண்டிக் கொட்டகையில், கிளம்பத் தயாராக ஐந்தாறு பேர் தலைக்கவசத்தோடு நின்றிருந்தார்கள். அவர் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை, தேதி, எண் உட்பட, உரக்கப் படித்தார். யாரும் கை தட்டவில்லை. பத்தாண்டுகளாக அவரோடு ஓடும் ஒருவன், குளிர்பெட்டியின் வாரை இறுக்கியபடி கேட்டான்.

"அப்ப, இனிமே பிரேக் பிடிக்கலாமாண்ணே?"

கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்ததெல்லாம் அந்தக் கேள்வியில்தான் அவருக்குத் தலைக்கேறியது. மேலாளரிடம்கூட அவர் அப்படிக் கத்தவில்லை.

"அதுக்கு ஒரு பேப்பர் வேணுமாடா உனக்கு?"

அவன் தலைகுனிந்து நின்றான். அவர் அவன்மேல் கோபப்படவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவர்பின் ஒருவராக வண்டியைக் கிளப்பினார்கள்.