வேல்விழி சொன்ன எண்

கல்லூரிக் காலத்திலிருந்தே பொன்மணிக்குத் தன் கையால் அளந்ததைவிடப் பக்கத்தில் நிற்பவள் அளந்ததில்தான் நம்பிக்கை அதிகம். பக்கத்தில் நின்றவள் வேல்விழி. இருவரும் சங்கரன்கோவிலிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள். ஆய்வகத்தில் வேல்விழியின் அளவுகளைப் பார்த்து எழுதி, அவளைவிட அதிக மதிப்பெண் வாங்கியதைப் பொன்மணி கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிச் சிரிப்பாள். வேல்விழியும் சேர்ந்து சிரிப்பாள்.

பிறகு இருவரும் வெளிநாடு போனார்கள். ஆளுக்கொரு நாட்டின் தேசிய அளவீட்டுக் கூடத்தில் வேலை. பத்து நாட்டுக் கூடங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரே அதிர்வுமானி பெட்டிக்குள் நாடு நாடாகப் போன வருடம் அது. கட்டைவிரல் அளவு உலோகத் துண்டு. இவ்வளவு குலுக்கினால் இவ்வளவு மின்னூட்டம் தருகிறது என்று ஒவ்வொரு கூடமும் அளந்து, ஒப்பிடும் கூடத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டும். எல்லா முடிவும் வந்து சேரும்வரை ஒருவர் எண்ணை மற்றவர் அறியக் கூடாது.

பொன்மணியின் ஒப்பந்தம் முடியும் நேரம். இது நன்றாக அமைந்தால்தான் நீட்டிப்பு என்று மேலாளர் சொல்லியிருந்தார். அளந்தாள்; கடைசி இரண்டு இலக்கம் இருபத்தாறு. கழற்றி மாட்டி மறுபடி அளந்தாள்; இருபத்தேழு. அந்த ஒரு எண் வித்தியாசம் போதும், அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் வந்தவள், ரத வீதிக் கூட்டத்தில் வேல்விழியைத் தேடிப் பிடித்தாள். வேல்விழியின் கூடம் ஏற்கெனவே அளந்து அனுப்பிவிட்டது. பொன்மணி சுற்றி வளைத்துக் கேட்டாள். வேல்விழி அவள் காதருகே குனிந்தாள்.

“நாப்பத்தொண்ணு. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிராதட்டி.”

பொன்மணி திரும்பிப் போய்த் தன் அளவுகளை அழித்துவிட்டு, நாற்பத்தொன்று வருமாறு கணக்கைத் திருத்தி அனுப்பினாள்.

அறிக்கை வந்தது. ஒன்பது நாடுகள் இருபத்துநான்குக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே நெருங்கி நின்றன. வேல்விழியின் நாடு இருபத்தைந்து. வரைபடத்தின் உச்சியில் ஒற்றைப் புள்ளியாகப் பொன்மணியின் நாடு. மேலாளர் மூல அளவுகளைக் கேட்டார். காட்ட எதுவும் இல்லை. வேல்விழிமேல் முறையிட வாய் திறந்தால், தான் கேட்டு எழுதியதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளையே போனில் கூப்பிட்டு அழுதாள்.

“நீ என்ன அளந்த?” என்றாள் வேல்விழி.

“இருபத்தாறு.”

“சரியாத்தானட்டி அளந்திருக்க. பெறவு எதுக்கு என் நம்பரை அனுப்புன?”

நீட்டிப்பு கிடைக்காமல் பொன்மணி ஊரோடு வந்துவிட்டாள். விண்ணப்பித்த இடமெல்லாம் பழைய கூடத்தில் விசாரித்துவிட்டுப் பதில் போடாமல் இருந்துவிட்டன. அடுத்த விடுமுறையில் வேல்விழி பேரீச்சம்பழப் பெட்டியோடு வீட்டுக்கே வந்தாள். பொன்மணியின் அம்மா சுந்தரம்மாள் அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

“கூடப் படிச்ச புள்ள, அதே வேலையில இருக்கா. ஒரு வார்த்தை இவகிட்டக் கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா சொல்லாமலா இருப்பேன், அத்தை?” என்றாள் வேல்விழி.

இருவரும் பொன்மணியைப் பார்த்தார்கள்.

“தோணல,” என்றாள் அவள்.